தோட்டத்துக் கானில் ஆமையைப் பார்த்தால்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தான் பக்கம் குடிவருகிறவர்கள் யாராக இருந்தாலும் ஒரு வருஷத்துக்குள் ஆமையைப் பார்த்துவிடுவார்கள். இது தட்டையான பூமி. செம்பனை வரிசைகளுக்கு நடுவே சின்னக் கான் (வடிகால்), அது போய் விழும் பெரிய கான், எல்லாம் கடைசியில் சேரும் பேராக் ஆறு என்று எங்கே திரும்பினாலும் தண்ணீர்தான். மழை ஓய்ந்த சாயங்காலம் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலிலோ தாமான் எனும் குடியிருப்பு வீட்டுப் போர்ச்சிலோ கறுப்பாக, குண்டாக ஒன்று மெல்ல நகர்ந்து வரும். உடனே எனக்கு போன் வரும். "அக்கா, ஆமை வீட்டுக்குள்ள வந்துருச்சு. கெட்டதுன்னு அத்தை சொல்றாங்க. என்ன செய்யறது?"

கானோரம் நடந்து ஆமைகளைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்குப் பல வருஷமாக உண்டு. அதனால்தான் இந்த போன்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வந்த ஆசிரியர், ஓய்வுபெற்று இங்கே வீடு வாங்கியவர் என எல்லாருக்கும் இது பொருந்தும்.

எந்த ஆமை என்று முதலில் பாருங்கள்

நம் கான்களில் அதிகம் கண்ணில் படுவது பெட்டி ஆமை. மலாயில் 'கூரா-கூரா காத்துப்' என்பார்கள். காத்துப் என்றால் மூடுவது. இந்தோனேசியத் தொழிலாளர்களிடம் கேட்டால் 'கூயா பாத்தோக்' என்று சொல்வார்கள். பாத்தோக் என்றால் தேங்காய்ச் சிரட்டை. கவிழ்த்துவைத்த சிரட்டை போல உயர்ந்து கவிந்த கறுப்பு ஓடு இதற்கு. பெரியது சுமார் 20 சென்டிமீட்டர் இருக்கும். தலை கருமையாக, பக்கவாட்டில் மூக்கிலிருந்து கழுத்துவரை மஞ்சள் கோடுகள் ஓடும். அந்த மஞ்சள் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் வேறு எதோடும் குழம்ப மாட்டீர்கள். அறிவியல் பெயர் குவோரா அம்போயினென்சிஸ். இந்தோனேசியாவின் அம்போன் தீவை வைத்து வந்த பெயர்.

இதன் அடியோட்டைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு கீல் இருக்கிறது. பயந்தால் தலையையும் கால்களையும் உள்ளே இழுத்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கதவு சாத்துவது போல மேலோட்டோடு சேர்த்து மூடிக்கொள்ளும். மூடும்போது 'ஸ்ஸ்' என்று ஒரு மூச்சு வெளியே வரும். சீறுகிறது என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். அது கோபமே இல்லை. உடம்பு முழுவதும் உள்ளே அடங்க இடம் வேண்டாமா, அதற்காக நுரையீரலில் உள்ள காற்றை விடுகிறது. ஒரு நாள் லயத்துக் குழாயடியில் நானும் நான்கு பிள்ளைகளும் ஒன்றின் எதிரே அசையாமல் குந்தியிருந்தோம். ரொம்ப நேரத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முன்கதவு ஒரு விரற்கடை திறந்தது. இருட்டுக்குள் ஒரு கண். மஞ்சள் கோட்டோடு மூக்கு வந்தது, காற்றை மோந்தது, மறுபடி உள்ளே போனது. ஒரு பிள்ளை இருமியதுதான் காரணம். அன்றைக்குப் பார்த்த அந்த நான்கு பேரும் இதுவரை ஆமை மேல் கல் எறிந்ததில்லை.

மற்றவை நான்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பெல்லாம் கறுப்பாக, தலையில் வெளிறிய புள்ளியோடு, வாய் சிரிப்பது போல வளைந்திருந்தால் அது கறுப்புச் சதுப்பு ஆமை. சேற்றுக்குள்ளேயே கிடக்கும். ஓடு வழவழப்பாக, தோல் போர்த்தியது போல இருந்து, மூக்கு குழல் மாதிரி நீண்டிருந்தால் 'லாபி-லாபி' எனும் மெல்லோட்டு ஆமை. அதைத் தொடவே தொடாதீர்கள். நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குக் கழுத்தை நீட்டித் திரும்பிக் கடிக்கும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருந்தால் அது இந்த ஊர் ஆமையே அல்ல. மீன் கடையில் காசு அளவில் வாங்கி, பெரிதானதும் யாரோ கானில் விட்டுப்போன அமெரிக்க ஆமை. கடைசியாக, துந்தோங். அது கானில் வராது. பெரிய ஆற்றில் இருக்கும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டே முட்டை

கடல் ஆமை நூறு முட்டை இடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எல்லா ஆமையும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். பெட்டி ஆமை ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 2 முட்டைதான் இடும். வருஷத்தில் சில தடவை இடும், அவ்வளவே. அதிலும் உடும்பு தோண்டித் தின்றது, காட்டுப்பன்றி கிளறியது, லயத்து நாய் முகர்ந்து எடுத்தது போக மிஞ்சுவதுதான் குஞ்சு. குஞ்சுக்கு ஆரம்பத்தில் அடியோட்டை முழுதாக மூடவும் வராது. நாரை, பாம்பு, பெரிய மீன் என்று எல்லாவற்றுக்கும் அது இரை.

அப்படியிருந்தும் இந்த இனம் இவ்வளவு காலம் எப்படித் தாக்குப்பிடித்தது? வளர்ந்த ஆமைக்கு எதிரி குறைவு. மூடிக்கொண்டால் உடும்பால் ஒன்றும் செய்ய முடியாது. பல பத்தாண்டுகள் உயிர் வாழும், வருஷா வருஷம் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். அத்தனை வருஷத்தில் ஒன்றிரண்டு குஞ்சு பெரிதானால் கணக்கு சரியாகிவிடும். இந்தக் கணக்கில் மனிதன் புகுந்து கெடுப்பது ஒரே இடத்தில்தான். உடும்பால் முடியாததை நாம் செய்கிறோம், வளர்ந்த ஆமையை எடுத்துவிடுகிறோம். கறிக்கும், சீன மருந்துக்கான அடியோட்டுக்கும், வளர்ப்புக்கும் தென்கிழக்காசியா முழுவதும் இது மூட்டை மூட்டையாகப் போனது. 2000-ல் சைட்டிஸ் எனும் வனவிலங்கு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் பெட்டி ஆமை இனங்களைச் சேர்த்து, அனைத்துலக வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. ஐயூசிஎன் எனும் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் இப்போது இது அழியும் ஆபத்தில் உள்ள இனம். நம் வாசலுக்கு வருகிற சாதாரண ஆமைதானே என்று நினைக்கிறோம். அதுதான் இந்த நிலையில் இருக்கிறது.

கீழே சொல்லும் எல்லா யோசனையும் இதிலிருந்து வருபவைதான். ஒரு பெரிய பெண் ஆமை அதன் கானிலேயே இருக்க வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்பதே கேள்வி.

வீட்டுக்குள் வந்தால்

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று பெரியவர்கள் சொல்லி நாமும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். இதைச் சொல்லி ஆமையைக் கட்டையால் அடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன், சாக்கில் கட்டி லோரியில் ஏற்றிப் பக்கத்து ஊருக்கு அனுப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். பெரியவர்களோடு வாதாட வேண்டாம். ஒரு பாட்டியிடம் நான் இப்படித்தான் சொன்னேன்: "பாட்டி, அது உங்க வீட்டுக்கு வரல. மழையில கான் நிறைஞ்சிருச்சு, மேடு தேடி வந்துச்சு. முட்டை வைக்க எடம் பார்க்குது. புள்ளத்தாச்சிய வெரட்டலாமா?" பாட்டி ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, "சரி, தானா போகட்டும்" என்றார்.

அதுவே சரியான முறையும்கூட. நாயைக் கட்டுங்கள். முற்றத்து விளக்கை அணையுங்கள். கான் இருக்கும் பக்கத்து வழியைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுங்கள். ஒரு மணி நேரத்தில் போய்விடும். சுவரும் வேலியும் சூழ்ந்து வெளியேற வழியே இல்லையென்றால் மட்டும் தூக்குங்கள்.

தூக்கும் முறை: இரண்டு கையாலும், முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே ஓட்டின் இரு பக்கத்தையும், சோற்றுத் தட்டைப் பிடிப்பது போலத் தரைமட்டமாகப் பிடியுங்கள். வாலைப் பிடித்துத் தொங்கவிடக் கூடாது. விரலை அடியோட்டுக் கீலுக்குள் கொண்டுபோகாதீர்கள். மூடும்போது நசுங்கும், கதவிடுக்கில் மாட்டியது போல வலிக்கும். பயத்தில் மூத்திரம் பெய்யும். அதனால் முகத்தருகே தூக்க வேண்டாம். அருகிலுள்ள கானின் கரையில், தண்ணீருக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு நகருங்கள். தண்ணீருக்குள் வீசாதீர்கள். எல்லா ஆமைக்கும் நீந்த வராது. தரையில் வாழும் ஆமையை ஆழத்தில் போட்டால் மூழ்கிச் சாகும். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். ஆமையின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். சின்னப் பிள்ளைகள் தொட்டிருந்தால் முதலில் அவர்கள் கையைக் கழுவிவிடுங்கள்.

சாலையில்

வண்டியை ஓரங்கட்டுங்கள். பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி வருகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். ஆமை எந்தப் பக்கம் முகம் வைத்திருந்ததோ அந்தப் பக்கத்துக் கரையில் கொண்டுபோய் விடுங்கள். வந்த பக்கமே திருப்பி விட்டால் மறுபடியும் அதே சாலையைக் கடக்க வரும். அதற்குப் போக வேண்டிய இடம் தெரியும்.

அடிபட்டு ஓடு வெடித்திருந்தால் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஓடு என்பது உயிருள்ள எலும்பு. அதில் ரத்தம் ஓடுகிறது, வலிக்கும், ஆறவும் செய்யும். அட்டைப்பெட்டியில் சுத்தமான துணி விரித்து, காற்றுக்கு ஓட்டை போட்டு, இருட்டான இடத்தில் வையுங்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள், தண்ணீரில் முக்காதீர்கள், தீனி திணிக்காதீர்கள். விலங்கு மருத்துவரையோ பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையையோ கூப்பிடுங்கள். பெர்ஹிலித்தானின் இலவச எண் 1-800-88-5151. இப்போதே கைபேசியில் பதிந்துவையுங்கள். அவசரத்தில் தேடினால் கிடைக்காது.

முட்டையைப் பார்த்தால்

வாழைக்குப் பக்கத்திலோ, உதிர்ந்த செம்பனை மட்டைகளை அடுக்கிய வரிசையிலோ மண்ணைக் கொத்தும்போது நீளமான வெள்ளை முட்டை இரண்டு தென்படலாம். கோழி முட்டையைவிடச் சிறிதாக, கெட்டியான தோட்டோடு இருக்கும். சமையலுக்கு எடுப்பவர்கள் உண்டு, வீட்டில் பொரிக்க வைக்கிறேன் என்று எடுப்பவர்களும் உண்டு. இரண்டுமே முட்டையின் முடிவுதான்.

கோழி முட்டையைக் கோழி புரட்டிக்கொண்டே இருக்கும். ஆமை முட்டையைப் புரட்டவே கூடாது. இட்ட கொஞ்ச நேரத்திலேயே கரு தோட்டின் மேல்பக்கத்து உள்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் தலைகீழாகத் திருப்பினால் கரு இறந்துவிடும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. நீங்கள் பாட்டுக்குக் காத்திருப்பீர்கள்.

ஆகவே மண்வெட்டியை வைத்துவிட்டு, எடுத்த மண்ணை அப்படியே கையால் மூடுங்கள். முட்டை ஏற்கெனவே வெளியே வந்து கிடந்தால் இப்போது எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அங்கே பென்சிலால் மெல்லப் புள்ளி வைத்து, அந்தப் புள்ளி மேலே இருக்கும்படியே அதே குழியில் திரும்ப வையுங்கள். மேலே கோழிக்கூண்டுக் கம்பிவலைத் துண்டு ஒன்றைப் பரப்பி, நான்கு மூலையிலும் கல் வைத்தால் நாயும் உடும்பும் எளிதில் தோண்டாது. ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். இரண்டு மாதம் ஆனதும் வலையைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். குஞ்சு வெளியே வர வழி வேண்டும்.

பூபுவும் தூண்டிலும்

கானில் பூபு எனும் மீன்பொறி போட்டு மீன் பிடிப்பது இங்கே எல்லா இனத்தாருக்கும் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை கெளுத்தியும் விராலும் கிடைக்கும். பூபுவை முழுவதும் தண்ணீருக்குள் அமிழ்த்திவைப்பதில்தான் சிக்கல். ஆமைக்குச் செவுள் கிடையாது. நம்மைப் போல மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். உள்ளே இருக்கும் மீனைத் தேடிப் புகுந்த ஆமை வெளியே வர முடியாமல் மூச்சடைத்துச் சாகும். ஒரு பூபுவில் மூன்று பெட்டி ஆமைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செத்துக் கிடந்ததை நான் என் கையாலேயே எடுத்துப்போட்டேன். போட்டவர் நல்ல மனிதர். தெரியாமல் நடந்துவிட்டது.

அவருக்குச் சொன்னது உங்களுக்கும்: பூபுவின் ஒரு முனை எப்போதும் தண்ணீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் இருக்கட்டும். மழையில் தண்ணீர் ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். உள்ளே காலிப் போத்தல் ஒன்றை மூடிப் போட்டால் மேல்முனை மிதந்துகொண்டே இருக்கும். காலையிலும் மாலையிலும் போய்ப் பாருங்கள். போட்டுவிட்டு மறந்துபோவதுதான் மோசம். தூண்டில் முள்ளை விழுங்கிய ஆமையிடம் தூண்டில் நரம்பைப் பிடித்து இழுக்காதீர்கள், குடல் கிழியும். நரம்பை ஒரு முழம் விட்டு வெட்டி மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

தோட்ட வேலையில் இருப்பவர்களுக்கு

நீங்கள் மண்டோரோ (மேற்பார்வையாளரோ), பேக்கோ எனும் மண்வாரி இயந்திரம் ஓட்டுபவரோ, மருந்தடிப்பவரோ என்றால் மற்ற எல்லாரையும்விட உங்கள் கையில்தான் அதிகம் இருக்கிறது.

கான் தூர் வாரும்போது சேற்றோடு ஆமையும் அள்ளப்பட்டுக் கரையில் கொட்டப்படும். சேறு காய்ந்தால் உள்ளேயே இறுகிப்போகும். பேக்கோவுக்குப் பின்னால் ஒரு ஆள் கம்போடு நடந்து, கொட்டிய சேற்றைக் கிளறிப் பார்த்தால் போதும். கிடைப்பதை ஏற்கெனவே வாரி முடித்த பகுதியில் விடலாம். முடிந்தால் ஒரே மாதத்தில் இரு கரையையும் மொட்டையடிக்காமல் ஒரு கரையை அடுத்த முறைக்கு விடுங்கள். புல்லும் கங்கோங் கீரையும் இருக்கும் கரைதான் ஆமைக்கு வீடு, சாப்பாடு எல்லாம். நீர்த்தாவரம், உதிர்ந்த பழம், நத்தை, புழு என்று கலந்து தின்னும் பிராணி அது. களைக்கொல்லியைத் தண்ணீர் விளிம்புவரை அடித்தால் இவை எதுவும் மிஞ்சாது.

நிர்வாகத்திடம் எப்படிப் பேசுவது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ், அதாவது எம்எஸ்பிஓ, 2020 ஜனவரி முதல் நாடு முழுவதும் கட்டாயம். பெரிய தோட்டங்கள் பல ஆர்எஸ்பிஓ எனும் அனைத்துலகச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழும் வைத்திருக்கின்றன. தோட்டத்தில் உள்ள அரிய உயிரினங்களைக் கவனிப்பதும் ஆற்றோரத்தைக் காப்பதும் இரண்டிலுமே எதிர்பார்க்கப்படுகின்றன. 'பாவம் ஆமை' என்று மட்டும் சொன்னால் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். 'இந்தக் கானில் சிவப்புப் பட்டியல் ஆமை இருக்கிறது, படம் இதோ, தேதி இதோ' என்று காட்டினால் கிராணியே (தோட்ட எழுத்தரே) எழுதிக்கொள்வார். பக்கத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் சொல்லுங்கள். 'ஜாங்கான் அம்பில், லெப்பாஸ்' என்றால் போதும்: எடுக்காதே, விட்டுவிடு.

வளர்க்கலாமா, வாங்கி விடலாமா

கூடாது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 716, பாதுகாக்கப்பட்ட விலங்கை உரிமமில்லாமல் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் விற்பதையும் குற்றமாக்குகிறது. சட்டத்தை விடுங்கள். சின்ன வயதில் நானே ஒன்றை வாளியில் வைத்திருந்தேன். சோறு போட்டேன், அன்பாகத்தான் இருந்தேன். ஒரு மாதம் ஓயாமல் வாளிச் சுவரைப் பிறாண்டியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்பா ஒரு விடிகாலை ரப்பர் பால் வெட்டப் போகும்போது எடுத்துப்போய், பிடித்த கானிலேயே விட்டுவிட்டு வந்தார்.

பாவம் பார்த்து, விற்பவரிடம் காசு கொடுத்து வாங்கி விடுதலை செய்வதும் வேண்டாம். இருபது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் அடுத்த வாரம் இன்னும் இரண்டு பிடித்துவருவார். இடத்தைக் குறித்துக்கொண்டு பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள். கோயில் குளத்தில் கொண்டுபோய் விட்டால் புண்ணியம் என்று நம் ஆட்களும் சீனர்களும் நினைக்கிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் நெரிசலான குளத்தில் நோய் பரவும், முட்டையிட மண் இருக்காது. கடை ஆமையைக் கானில் விடுவது அதைவிட மோசம். வெயில் காயும் கட்டையையும் தீனியையும் நம் ஊர் ஆமையிடமிருந்து பறித்துக்கொள்ளும். வளர்க்க முடியவில்லையென்றால் வளர்க்கக்கூடிய வேறொருவரிடம் கொடுங்கள்.

ஆற்றில் துந்தோங்கைக் கண்டால்

பேராக் ஆற்றில் 60 சென்டிமீட்டர் வரை வளரும் ஆற்று ஆமை துந்தோங். மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும். முன்காலில் ஐந்துக்குப் பதில் நான்கே நகம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கரிக்கட்டை போலக் கறுத்து, கண் மட்டும் வெளிறிப் பளிச்சென்று தெரியும். கழிமுகத்து பெரெம்பாங் மரத்தின் பழம் ஆற்றில் விழுவதற்காகக் காத்திருந்து தின்னும். மேலே நீந்திப் போய் மணல்திட்டில் முட்டையிடும். ஒரு காலத்தில் அந்த முட்டை சுல்தானுக்கு உரியது. பிறகு எல்லாரும் தோண்டினார்கள், மணலையும் அள்ளினார்கள். இப்போது மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம் என்று சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. வலையில் சிக்கினால் உடனே வலையை அறுத்து அதை ஆற்றில் விட்டுவிட்டு, படத்தோடு பெர்ஹிலித்தானுக்குத் தகவல் சொல்லுங்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை போத்தா கானானுக்கு அழைத்துப்போங்கள். பேராக் ஆற்றங்கரையில் பெர்ஹிலித்தான் துந்தோங் முட்டைகளைப் பொரித்து வளர்த்து ஆற்றில் விடும் மையம் அங்கேதான் இருக்கிறது. கிழக்குக்கரைப் பக்கம் போகிறவர்களுக்குக் கெமாமான் ஆற்றோரம் கம்போங் பாசிர் காஜா. அங்கே மலேசிய ஆமைப் பாதுகாப்புச் சங்கம் ஊர்க்காரர்களோடு சேர்ந்து இதே வேலையைச் செய்கிறது. முன்பு முட்டை எடுத்த கைகளே இப்போது காவல் காக்கின்றன.

ஒரு நோட்டு வாங்குங்கள்

கடைசி வேலை, எனக்குப் பிடித்ததும்கூட. சின்ன நோட்டு ஒன்றில் தேதி, நேரம், மழையா வெயிலா, எந்தக் கான், ஆமை என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். பெட்டி ஆமையின் அடி ஓடு வெளிர்மஞ்சள். அதில் ஒவ்வொரு தகட்டிலும் கறுப்புக் கறை இருக்கும். அந்தக் கறைகள் ஒன்றுக்கு இருப்பது போல இன்னொன்றுக்கு இருப்பதில்லை. எப்படியும் சாலையிலிருந்து தூக்கும்போது ஒரு நொடி அடியில் படம் எடுத்துக்கொண்டால் மறுபடி பார்க்கும்போது அடையாளம் தெரியும். அடி ஓடு உட்குழிந்து, வால் தடித்து நீண்டிருந்தால் ஆண். தட்டையாக, வால் குட்டையாக இருந்தால் பெண். படத்தைப் பலரும் பார்க்கும் இடத்தில் போடும்போது கானின் பெயரையோ மைல்கல்லையோ போடாதீர்கள். பிடித்து விற்பவர்களும் அதைப் பார்க்கிறார்கள்.

என் நோட்டில் இடது ஓரக் கறை பிறைநிலா போல இருக்கும் ஒரு பெண் ஆமை உண்டு. முதலில் பார்த்தபோது அந்தத் துண்டில் பழைய ரப்பர் மரங்கள் நின்றன. மரத்தை வெட்டினார்கள், செம்பனை நட்டார்கள், கானை இரண்டு முறை தூர் வாரினார்கள். போன மழைக்காலத்தில் அதே மதகுக்குப் பக்கத்தில் மறுபடியும் பார்த்தேன், பின்கால் முழுக்க ஈர மண்ணோடு. முட்டையிட்டுவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும். குழி எங்கே என்று தேடவில்லை. தேதியை மட்டும் எழுதிக்கொண்டேன். நீங்களும் பென்சிலாலேயே எழுதுங்கள். பேனா மை மழையில் கரைந்துவிடும்.